களத்துமேடும் தொழிற்பேட்டையும்

(பொம்மசந்திராவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொம்மசந்திரா, ஜிகணி, ஹெப்பகோடி வட்டாரத்தில் வேலை செய்து முதுமை அடைந்த தமிழ்த் தொழிலாளர்கள் கட்சிக் கிளைகளில் கணிசமாக இருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, சேலம் பகுதிகளிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் அவர்கள். ஊதியம், ஒப்பந்தமுறை, பி.எஃப். பற்றிய விவாதங்களில் அமைதியாக இருப்பவர்கள்கூட, ஊர் வேளாண்மை பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இளம் தோழர்களில் சிலர் இதைப் பழங்கதை என்று ஒதுக்குகிறார்கள். வேறு சிலர், "அந்தக் காலமே நல்ல காலம்" என்று அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு அணுகுமுறைகளும் பிழையானவை. உழைப்பாளியின் நினைவு ஓர் ஆவணம். எதை நினைவில் வைத்திருக்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், ஏன் இப்போது சொல்கிறார் என்று கேட்டு அதைப் படிக்க வேண்டும்.

அப்படிப் படிப்பதற்கு ஒரு முதிய தொழிலாளியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. பிறந்தது தருமபுரிச் சீமையில் ஒரு சேரியில். எண்பதுகளின் தொடக்கத்து வறட்சியில் ஊரை விட்டு வந்தார். முதலில் மண் வேலை, பிறகு கட்டட வேலை, அதன்பின் வார்ப்படப் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலையருகே நின்ற வேலை. ஓய்வு பெற்ற பின்னும் பல ஆண்டுகள் பன்னிரண்டு மணி நேரக் காவல் பணி. அவருடைய பெயர் இங்கே தேவையில்லை. அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு கிளையிலும் இருக்கிறார்கள்.

நினைவில் நிற்கும் வேளாண்மை

பெரியவரின் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி இருந்தது. ஆடியில் மழை விழுந்தால் கேழ்வரகு. ஏழெட்டுச் சால் கேழ்வரகுக்கு ஒரு சால் மொச்சையும் துவரையும் கலந்து விதைப்பார்கள். வரப்போரம் ஆமணக்கு. மண் மெலிந்த மேட்டில் சாமை, கொள்ளு. ஒரு மழை தவறினால் ஒரு பயிர் போகும், மற்றொன்று நிற்கும். கேழ்வரகு அறுவடையான பின்னும் மொச்சையும் துவரையும் நிலத்தில் நின்று பனியில் காய்க்கும். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். பொம்மசந்திரா அமைந்திருக்கும் இந்த ஆனேக்கல் வட்டத்திலும் இதே முறைதான் இருந்தது. கன்னட உழவர்கள் இதை 'அக்கடி சாலு' என்பார்கள். சால் என்ற சொல்லே இரு மொழிக்கும் பொதுவானது.

விதைக்கு யாரும் கடைக்குப் போனதில்லை. பெண்கள்தான் நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்துக் காயவைத்து, சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு மண் பானையில் மூடி வைப்பார்கள். விதை இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீட்டார் கொடுப்பார்கள். அறுவடையில் படிக்குப் படியும் அதற்கு மேல் கொஞ்சமும் சேர்த்துத் திரும்பி வரும். எவ்வளவு பசியானாலும் விதைப் பானையைத் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

சேரியில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஜோடி மாடு வைத்திருந்தன. ஒரு வீட்டு வயலில் களையெடுக்க நாலு வீட்டுப் பெண்கள் போவார்கள். அடுத்த நாள் அந்த நாலு வீட்டு வயலுக்கும் இந்த வீட்டார் போக வேண்டும். கூலி கிடையாது, மாற்றாள்தான் கணக்கு. கோடையில் ஏரி வற்றியதும் வண்டலை எடுத்துத் தலைச்சுமையாக வயலுக்குக் கொண்டுபோவார்கள். வெளியூர்க் கீதாரிகள் வந்தால் ஆட்டுக்கிடை போடச் சொல்லித் தானியம் அளப்பார்கள்.

இவை வெறும் ஏக்கமல்ல, உழைப்பாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு. மழையையும் மண்ணையும் கடனையும் ஒருசேரக் கணக்கிட்ட அறிவு. இன்று சிறுதானியங்களைப் பற்றி அரசுகள் பெரிதாகப் பேசுகின்றன. 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. நகரத்து அங்காடிகளில் சாமையும் தினையும் அழகிய உறைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை அழியாமல் காத்துவந்த மானாவாரிக் குடும்பங்கள் தகரக்கூரைக்குக் கீழ் ரேஷன் அரிசி உண்கின்றன.

களத்துமேட்டின் மறுபக்கம்

ஆனால் ஒன்றரை ஏக்கர் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. எனவே பெரியவரின் தந்தை பெரிய நிலக்காரர் ஒருவரிடம் படியாள். ஆண்டுக்கு இவ்வளவு தானியம், பொங்கலுக்கு வேட்டி துண்டு என்பது பேச்சு. இடையில் திருமணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடன் அந்த ஆண்டுக் கணக்கில் தீராது. அடுத்த ஆண்டுக்குப் போகும். கடனுக்கு ஈடாகப் பத்து வயதில் பெரியவரே அந்த வீட்டு மாடு மேய்க்கப் போனார். பள்ளிக்கூடம் அத்துடன் முடிந்தது.

அந்த வீட்டுக் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைப்பார்கள். சரிவில் மாடுகள் இறங்க, வடத்தில் கட்டிய தோல் பறி நிறைந்து மேலே வரும். அந்தக் காட்சியைப் பெரியவர் இன்றும் ரசித்துச் சொல்கிறார். அந்தப் பறியைத் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர் தெருக்காரர். மாட்டை ஓட்டியவர் சேரிக்காரர். அவர்கள் இருவரும் அந்தக் கிணற்றில் இறங்கி ஒரு கை நீர் அள்ளக் கூடாது. பறித் தோல் வழியாக வந்த நீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டு இல்லை. அந்தத் தோலைத் தைத்த கைக்குத் தீட்டு இருந்தது.

ஏரி வேலையும் அப்படித்தான். மதகு சீர்செய்யவும் கரை உயர்த்தவும் சேரியிலிருந்து ஆள் வர வேண்டும் என்பது ஊர்க் கட்டளை. நீரின் பெரும்பங்கோ ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் போனது. அறுவடைக் காலத்தில் களத்தில் எல்லாருக்கும் பங்கு அளக்கப்பட்டது உண்மை. ஆனால் அளந்த கை ஒன்று, முந்தி விரித்த கைகள் பல. இளைஞராக இருந்தபோது தோளில் துண்டு போட்டு ஊர்த்தெருவில் நடந்ததற்காக அவர் அடி வாங்கினார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடுகிறது.

பழைய கிராமத்தை அழகான ஓவியமாக வரைபவர்களுக்கு மார்க்ஸ் 1853லேயே விடை சொல்லிவிட்டார். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி பற்றிய கட்டுரையில், காலனியாட்சி இழைத்த அழிவைக் கடுமையாகச் சாடிய அவர், அந்தக் கிராமச் சமூகங்களே எதேச்சாதிகாரத்தின் அடித்தளமாக இருந்ததையும், சாதியாலும் அடிமைத்தனத்தாலும் கறைபட்டிருந்ததையும் சேர்த்தே எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை அரசமைப்பின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்ற வாதத்தை நிராகரித்ததும் இதே காரணத்தால்தான்.

எனவே பெரியவரின் நினைவில் இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. ஒன்று, உழைப்பாளர்கள் தங்களுக்குள் உருவாக்கிக்கொண்ட கிராமம்: மாற்றாள், விதைப் பகிர்வு, கூட்டு மாடு. மற்றொன்று, அவர்கள் மீது சுமத்தப்பட்ட கிராமம்: படியாள், கடன், தீட்டு. "அந்தக் காலம் நல்ல காலம்" என்று அவர் சொல்லும்போது முதலாவதைச் சொல்கிறார். அதே சொற்களைப் பழைய நிலக்காரரின் பேரன் சொல்லும்போது இரண்டாவதைச் சொல்கிறான்.

இரண்டாவது கிராமத்தை உடைத்தது யார்? தானாக உடையவில்லை. தஞ்சையில் சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழித்தது செங்கொடி. அந்தப் பண்ணையாள்களைத் திரட்டிய தோழர் பி. சீனிவாசராவ் கன்னடப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதைப் பொம்மசந்திராவில் நினைவுகூர்வது பொருத்தம். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்கும் செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது, பெரியவரின் ஊரில் அதை யாரும் தண்டோரா போட்டுச் சொல்லவில்லை. கடன் ரத்து என்று ஒரு சட்டம் இருப்பதே பெங்களூருக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நிலம் பேட்டையானது

ஊரில் வேளாண்மை சரிந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததே. கவலை போய் எண்ணெய் இயந்திரமும் மின் மோட்டாரும் வந்தன. கிணறு வற்றியபோது ஆழ்துளைக் கிணறு. துளை ஆயிரம் அடியை எட்டியது. பல இடங்களில் ஃபுளோரைடு கலந்த நீர் வந்தது. தருமபுரியில் குழந்தைகளின் பற்கள் கறைபட்டன. முதியவர்களின் எலும்புகள் வளைந்தன. கேழ்வரகும் மொச்சையும் இருந்த நிலத்தில் மரவள்ளியும் மாந்தோப்பும் வந்தன. துளை போடப் பணம் இல்லாதவர்கள் பெங்களூருக்குப் பேருந்து ஏறினார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய இடமும் ஒரு காலத்தில் கேழ்வரகு விளைந்த பூமி. கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. ஓசூர் சாலையின் இருபுறமும் இருந்த வயல்கள் அந்தச் சட்டத்தின் வழியே பேட்டைகளாயின. இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 1974இல் தேவராஜ் அர்ஸ் ஆட்சிக் காலத்தில் கர்நாடக நிலச்சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது. உழுத குத்தகைதாரர்கள் நில உரிமை பெற வழி பிறந்தது. நகரத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலோ, உரிமையாகக் கிடைத்த நிலம் ஒரு தலைமுறை கைமாறுவதற்குள் கையகப்படுத்தலுக்கும் தரகர்களுக்கும் போய்விட்டது. தலித்துகளுக்கு அரசு வழங்கிய நிலம் கைமாறுவதைத் தடுக்க 1978இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 2020இல் வந்த திருத்தமோ, உழவர் அல்லாதவர் விளைநிலம் வாங்குவதற்கு இருந்த தடைகளை அகற்றிவிட்டது. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. தொழிலாளிக்குப் பயணம் எளிதானது நல்லதே. அதே வேகத்தில் வாடகையும் மனை விலையும் ஏறுகின்றன.

பெரியவருடன் பட்டறையில் வேலை செய்த கன்னடத் தொழிலாளி ஒருவரின் குடும்ப நிலம் பேட்டைக்குள் போயிருந்தது. இழப்பீட்டுப் பணம் இரண்டு திருமணங்களில் தீர்ந்தது. தந்தை உழுத மண்ணில் எழுந்த தொழிற்சாலையில் மகன் கூலித் தொழிலாளி. உணவு இடைவேளையில் இருவரும் களியையும் முத்தையையும் பற்றிப் பேசிக்கொள்வார்கள். தமிழருக்குக் களி, கன்னடருக்கு முத்தை. பாத்திரத்தில் இருப்பது ஒன்றே. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, பெரியவரின் மனைவியும் குழந்தைகளும் இருந்தது அந்தக் கன்னடத் தோழரின் வீட்டில்தான். வீட்டு வாசலில் அவருடைய தாயார் அமர்ந்துகொண்டார். கும்பல் வந்து கேட்டபோது, "உள்ளே இருப்பது என் மகள்" என்று அந்த அம்மா சொன்னதாகப் பெரியவர் சொல்கிறார்.

மாற்றாள் முறையின் பண்பு பட்டறைக்குள் வந்து வேறு வடிவம் எடுத்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் அவருடைய ஷிப்டையும் பார்ப்பார். வேலைநிறுத்தத்தின்போது ஒருவர் வீட்டுக் கேழ்வரகு நாலு வீட்டில் கிளறப்பட்டது. சங்கம் அவர்களுக்குப் புதிய கருத்தாகத் தோன்றவில்லை. தெரிந்த பழக்கத்துக்குக் கிடைத்த புதிய பெயராகத் தோன்றியது.

ஊர் எப்படி மாறியது?

இப்போது பெரியவர் ஆண்டுக்கு இரு முறை ஊருக்குப் போகிறார். திரும்பி வரும்போது மனம் நொந்து வருகிறார். "ஊரில் மனிதர்கள் மாறிவிட்டார்கள்" என்கிறார். எந்த வகையில்?

சில மாற்றங்கள் நல்லவை. அவற்றை அவரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், முதல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சிக்கு இடதுசாரிகள் ஆதரவு அளித்த காலத்தில் வந்தது. நிலக்காரர் வீட்டு வாசலில் நிற்காமல் கூலி பெறலாம் என்ற நிலையைக் கிராமப்புறப் பெண்களுக்கு அது உருவாக்கியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது அந்த மண்ணுக்குப் புதிது. தோளில் துண்டு போட்டால் யாரும் கேட்பதில்லை.

ஆனால் இழிவு போன இடத்தில் சமத்துவம் வந்து அமரவில்லை. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இரண்டு சாதிகளைச் சேர்ந்த இளைஞனும் பெண்ணும் மணம் செய்துகொண்டதைக் காரணமாகக் காட்டி, 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அந்த வீடுகளில் பல, பெங்களூரில் கல்லும் மண்ணும் சுமந்து சம்பாதித்த பணத்தில் கட்டப்பட்டவை. மிதிவண்டி போய் மோட்டார் சைக்கிள், கூரை போய்ச் சிமெண்டுத் தளம். அந்த முன்னேற்றமே சிலர் கண்ணை உறுத்தியது. பீரோவும் தொலைக்காட்சியும் சான்றிதழ்களும் தேடி எரிக்கப்பட்டன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அதே வட்டாரத்தில் 1970களின் இறுதியில் கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக இரு சாதி உழைப்பாளர்களும் செங்கொடியின் கீழ் ஒன்றாக நின்றார்கள். அந்த ஒற்றுமை அடக்குமுறையால் சிதைக்கப்பட்ட இடத்தில்தான் சாதிச் சங்கங்கள் வேர்விட்டன.

தாக்க வந்த கூட்டத்திலும் நிலம் காய்ந்துபோன சிறு விவசாயிகளின் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடி வருகிறவர்கள்தான். துளை வற்றியதற்கும் மாங்காய் விலை விழுந்ததற்கும் விடை தெரியாத இளைஞனிடம், "உன் பெருமையைக் காப்பாற்று" என்று ஒரு சாதித் தலைவர் சொல்கிறார். அவனுக்கு அதைவிட நல்ல விடை சொல்ல அங்கே ஆள் இல்லை. ஊர்ப் பண்பு மாறியதன் மையம் இதுவே. மாற்றாள் மறைந்தது, அந்த இடத்தை இயந்திர வாடகையும் மொய்க் கணக்கும் நுண்கடன் குழுவின் வாரத் தவணையும் பிடித்தன. சேர்ந்து உழைக்கும் இடம் சுருங்கியது. பிரிந்து நிற்கும் இடம் விரிந்தது.

விதைப் பானை

பெரியவரின் வீட்டில் இப்போது ஒரு வழக்கு நடக்கிறது. ஊரில் உள்ள அந்த ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார் மகன். ஒப்பந்தத் தொழிலாளியான அவருக்கு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவக் கடன். தந்தை மறுக்கிறார். "விதைப் பானையை உடைக்காதே" என்கிறார். மகன் கேட்கும் கேள்வியும் நியாயமானது: "அந்த நிலத்தில் நீங்கள் பசியாறியது உண்டா, அப்பா?" இதற்குப் பெரியவரிடம் விடை இல்லை.

இந்த வழக்கில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது கட்சியின் வேலை அன்று. இருவரையும் இந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று காட்டுவதே வேலை. முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் கிடைப்பது மாதம் ஆயிரத்துச் சில்லறை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. கௌரவமாக வாழும் ஓய்வூதியம் இருந்தால் தந்தைக்கு அந்த நிலம் ஒரே பிடிமானமாக இருந்திருக்காது. நிரந்தர வேலை இருந்தால் மகனுக்கு அதை விற்கும் தேவை வந்திருக்காது.

விதைப் பானை என்றால் என்ன என்று இந்தச் சாலைக்குத் தெரியும். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்புநிதியில் முதலாளியின் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற விதியை எதிர்த்து ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஓசூர் சாலையும் தும்கூர் சாலையும் இரண்டு நாள் உறைந்தன. ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பெரிய சங்கங்கள் அழைப்பு விடுப்பதற்கு முன்பே அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். தங்கள் விதைப் பானையில் கை வைக்கப்படுவதை அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

நிலத்தைக் காத்த அண்மைக்கால வெற்றியும் இந்த நகரத்தின் அருகிலேயே இருக்கிறது. தேவனஹள்ளி வட்டம் சன்னராயபட்டணத்தில் 13 கிராமங்களின் 1777 ஏக்கரைக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து உழவர்கள் ஆயிரம் நாட்களுக்கு மேல் போராடினார்கள். தொழிற்சங்கங்களும் தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் துணை நின்றனர். 2025 ஜூலை 15 அன்று மாநில அரசு திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பொம்மசந்திராவின் உழவர்கள் ஒரு காலத்தில் தனித்தனியாகக் கையெழுத்திட்டு இழந்ததைத் தேவனஹள்ளியின் உழவர்கள் சேர்ந்து நின்று காத்தார்கள்.

உறுப்பினர்களின் கடமை

இவற்றிலிருந்து கட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, முதிய தொழிலாளர்களைப் பேசவிட வேண்டும். கிளைக் கூட்டங்களில் அவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இளைஞர்கள் அதை எழுதிவைக்க வேண்டும். விதை, மண், மழை பற்றி அவர்கள் சொல்வதையும், படியாள் வாழ்க்கை பற்றி அவர்கள் சொல்லத் தயங்குவதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஒரு பாதியை மட்டும் எழுதினால் அது சாதிப் பெருமைக்காரர்களுக்குப் பயன்படும்.

இரண்டாவது, இப்போது பேட்டைக்குள் வந்துகொண்டிருக்கும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களிடம் செல்ல வேண்டும். ஓர் அறையில் எட்டுப் பேராக உறங்கும் அவர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்த தமிழர்கள்தான். அவர்களுடைய ஊரிலும் ஏரி வற்றியிருக்கிறது, நிலம் அடகில் இருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், மொழி பார்த்துப் பிரிந்து நின்றால் யாரும் தப்ப முடியாது. அன்று வாசலில் அமர்ந்த கன்னடத் தாயின் கடனை அடைக்க இதுவே வழி.

மூன்றாவது, ஊருக்குப் போகும்போது கட்சிக்காரராகவே போக வேண்டும். பொம்மசந்திராவில் சங்கக் கொடியின் கீழ் ஒரே தட்டில் உண்பவர்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் தனித்தனித் தெருவுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். இங்கே தோழர், அங்கே சாதிக்காரர் என்ற இரட்டை வாழ்க்கைக்கு முடிவு கட்ட வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும் தோழர், உடன் வேலை செய்யும் மறுதெருத் தோழரைத் தம் வீட்டுக்கு அழைத்து உணவிட வேண்டும். அவர் வீட்டுக்குச் சென்று உண்ண வேண்டும். பொதுக் கிணற்றுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் கோயில் நுழைவுக்கும் அங்கே போராட்டம் நடந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

மாற்றாள் முறையில் ஒரு விதி உண்டு. இன்று ஒருவருடைய வயலில் களையெடுத்தவர்கள், நாளை தம் வயலுக்கு அவரை அழைக்கும்போது அவர் வர மறுக்கக் கூடாது. தொழிலாளி அழைத்தால் விவசாயியும், விவசாயி அழைத்தால் தொழிலாளியும், சேரி அழைத்தால் ஊரும் வர வேண்டும். பெரியவரின் தலைமுறை ஒரு தெருவுக்குள் காப்பாற்றிய இந்த விதியை நாடு முழுவதற்கும் விரிப்பதுதான் கட்சியின் பணி.